நீலக் கொடிக்கம்பி

சுப்ஹான் பாயின் சாமான் வேன் வியாழக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்துக்கு வரும். காஹாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையை விட்டுத் திரும்பி, செம்பனை மரங்களுக்குள்ளே பதினொரு கிலோமீட்டர் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து, பதினாறு வீட்டு லயத்தின் முனையில் நின்று ஹாரன் அடிக்கும். வெங்காயம், கருவாடு, ரொட்டி, தலைவலி மாத்திரை, வாளி, செருப்பு என்று அதில் இல்லாத பொருள் கிடையாது. போன வருஷக் கடைசியில் ஒருநாள், நீல பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பிச் சுருள் ஒன்றை இறக்கி வைத்தார். "துணி காயப்போட இதுதாம்மா. துருப்பிடிக்காது, தொங்காது, ஈரப் போர்வையைப் போட்டாலும் அசையாது" என்றார். ஒரு வீட்டில் வாங்கினால் அடுத்த வீட்டுக்குப் பொறுக்குமா? பதினாறு வீட்டுக்காரர்களும் வாங்கிப் பின்கட்டில் கட்டிவிட்டார்கள்.

தேன்மொழி வீட்டுக் கொடி மட்டும் குட்டையானது. மூன்று வாரத்துக்கு முன்னால் வேலைவிட்டு வந்து பார்த்தால், அந்தக் கோடித் தூணுக்குக் கம்பி எட்டவில்லை. மிச்ச தூரத்துக்கு மஞ்சள் ராஃபியா கயிறு கட்டியிருந்தது.

"ஏங்க, கம்பி எங்க?"

"பழசாப் போச்சு. வெட்டிட்டேன்" என்றான் அவள் புருஷன் அர்ச்சுனன்.

"மூணு மாசத்துல பழசாப் போவுதா? ஏழு சேலை காயுற கொடி. இப்ப நாலுக்குத்தான் கம்பி இருக்கு. ஈரச் சேலைய இந்த ராஃபியாவுல போட்டா அறுந்து மண்ணுல விழாதா?"

அவன் கோப்பியை ஊதிக் குடித்தான். கம்பி எதற்குப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். லயத்தில் யாருக்குத்தான் தெரியாது?

எங்கள் லயத்துக்குப் பின்னால் புதுசாகக் கன்று நட்ட நாற்பது ஏக்கர். அதைத் தாண்டி எல்லைக் காண், ஆள் உயரப் பள்ளம், அடியில் தண்ணீர். காணுக்கு அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட காடு. கன்று நட்ட இடத்தில் பன்றி இறங்கினால் விடிவதற்குள் முப்பது குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு, பழம் வெட்டுகிற அர்ச்சுனனைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கய்யா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். அர்ச்சுனன் பார்த்துக்கொள்வான். சுருக்குக் கம்பியை மரத்தில் கட்டாமல், வெட்டின கட்டை ஒன்றில் கட்டுவது அவன் பழக்கம். மாட்டின பன்றி கட்டையை இழுத்துக்கொண்டு ஓடிக் களைத்துப்போகும், கம்பி அறாது. கறி பதினாறு வீட்டுக்கும் பங்காகும். காட்டு மிருகத்துக்குக் கம்பி போட்டால் ஜெயில் என்று எல்லாருக்கும் தெரியும். கறி வேகிற வாசம் அதைவிட நன்றாகத் தெரியும்.

கம்பி போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை போட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மனசுக்குள்கூட எண்ணமாட்டார்கள். எண்ணினால் பன்றி மாட்டாது, எண்ணினவன் வீட்டுக் கால்தான் மாட்டும் என்று ஒரு பேச்சு. தினம் விடியுமுன் எல்லாரும் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்து வருவார்கள். கால் எங்கெங்கே போய் நிற்கிறதோ அதுதான் கணக்கு. அர்ச்சுனன் இருபது வருஷமாக அப்படித்தான் நடந்தான். போன புதன்கிழமை அந்தச் சுற்றிலிருந்து திரும்பும்போதே நடுங்கிக்கொண்டு வந்து வாசலில் விழுந்தான். எலிக்காய்ச்சல். குளுவாங் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் லோஷினி ஜொகூர் பாருவிலிருந்து தினம் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிறவள், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள்.

ஐந்து நாளாகக் கம்பிகளை யாரும் சுற்றிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பிரட்டில் ஷாமளா தன் போனைத் தேன்மொழியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஷாமளா பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே கோஷ்டியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள்.

"பாருடி. மருந்தடிக்கிற ஆளு நேத்து எடுத்தது. பாவம்டி, பாக்க முடியல."

காணுக்கு அந்தக் கரையில் ஐந்தாறு யானைகள் நின்றன. எங்கள் பக்கத்தில் காட்டோரம் வேலை செய்யும்போது யானை என்று சொல்லமாட்டோம், பெரியவர் என்போம். பெரியவர்களின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. காலுக்குப் பின்னால் ஒரு கட்டை இழுபட்டு வந்தது. தாய் தும்பிக்கையால் கட்டையைத் தள்ளிப் பார்த்தது, காலால் மிதித்துப் பார்த்தது. மிதித்தபோது குட்டி கத்தியது. படத்தை எடுத்தவன் கை நடுங்கியதில் எல்லாம் ஆடியது. ஆனாலும் குட்டியின் கணுக்காலில் ஒரு கோடு தெரிந்தது.

நீலக் கோடு.

தேன்மொழி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வெயில்ல சரியாத் தெரியல" என்றாள். அப்போது மணி ஆறேகால், வெயிலே வந்திருக்கவில்லை.

ஏழு மணிக்கு வனவிலங்கு இலாகா வண்டி இரண்டு வந்தன. இறங்கினவர்களில் ஒருவன் நம்மவன். ஆரிஃப் என்று பேர், குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன், முப்பது வயசிருக்கும். பிரட்டு மேடையில் ஏறி மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னான்.

"நாங்க யாரையும் புடிக்க வரல. மொத அந்தக் குட்டியக் காப்பாத்தணும். கூட்டம் உள்ள போயிருச்சு. வீடியோ எடுத்த கரையில வெறும் மண்ணு, ராத்திரி பேஞ்ச மழையில தடம் ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா காட்டுக்குள்ள கட்டை இழுத்த தடம் மழைக்கு அழியாது, செடியெல்லாம் ஒடிஞ்சிருக்கும். கம்பி எந்த எடத்துல போட்டதுன்னு தெரிஞ்சா அங்கேருந்து தடத்தப் புடிச்சுப் போயிருவோம். தெரியலன்னா இவ்ளோ பெரிய காட்டுல எங்கன்னு தேடுறது? மிருக டாக்டர் நாலஞ்சு நாள்தான் சொல்றாரு. அப்புறம் கால் அழுகிரும். நீல உறை போட்ட கம்பி, துணி காயப்போடுற கம்பி மாதிரி. யாருக்காச்சும் தெரிஞ்சா எங்கிட்ட வந்து சொல்லுங்க."

எல்லாரும் மண்டோரைப் பார்த்தார்கள். தங்கராஜுதான் தொண்டையைச் செருமினார். "வெளிநாட்டுக்காரனுங்க வேலை சார் இது. எங்கேருந்தோ வந்து காட்டுல படுத்துக் கெடக்குறானுங்க. நம்ம ஆளுங்க அந்தப் பக்கமே போறதில்ல." பதினாறு வீட்டுத் தலையும் ஆமாம் ஆமாம் என்று ஆடியது. அலமாக், என்ன ஒற்றுமை! தீபாவளிப் பந்தல் போடக் கூப்பிட்டால் அந்த ஒற்றுமை வராது.

அன்று சாயங்காலம் லயத்துப் பின்பக்கம் ஒரு கொடியும் இல்லை. ஒருத்தரும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, கூடிப் பேசவில்லை. வேலைவிட்டு வந்த கையோடு அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். ஈரத் துணியெல்லாம் செம்பருத்தி வேலியிலும் கோழிக்கூட்டின் மேலும் மோட்டார் சைக்கிளிலும் காய்ந்தது. ஷாமளா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிசுகிசுத்தாள்.

"உன்னோடத ஏன்டி இன்னும் விட்டு வச்சிருக்க? கழட்டு."

"எல்லார் வீட்டுலயும் இருந்த கம்பிதானே?"

"எல்லார் வீட்டுலயும் முழுசா இருக்கு. உன் வீட்டுலதான் குட்டையா இருக்கு."

சொல்லிவிட்டு ஷாமளா வேறு பக்கம் பார்த்தாள். அப்படியானால் இவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தேன்மொழி கொடியை அவிழ்த்தாள். சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அன்றைக்கு ரசம் வைத்தவள் உப்புப் போட மறந்துவிட்டாள், அதே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டபோதும் உப்பில்லாதது அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு குளுவாங்குக்குப் போனாள். தோட்டத்து லாரியில் சாலைவரைக்கும், அப்புறம் பஸ். டிபன் கேரியரில் கஞ்சியும் நெத்திலிச் சம்பலும். பன்னிரண்டரைக்குத்தான் வார்டுக்குள் விட்டார்கள். அர்ச்சுனன் பாதியாகிப் போயிருந்தான். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கஞ்சியை மடக் மடக்கென்று குடித்தான். சம்பலைத் தொட்டுக்கொள்ளவில்லை.

"அந்த வீடியோ பாத்தீங்களா?"

"என்ன வீடியோ?"

"லயத்து வாட்சாப்புல வந்திருக்கும். பாக்காம இருந்திருக்க மாட்டீங்க."

அவன் டம்ளரின் அடியைப் பார்த்தான்.

"அது நம்ம கம்பிதானே?"

"மெதுவாப் பேசு. பக்கத்துக் கட்டில்ல ஆள் இருக்கு."

"அவரு சீனரு. அவருக்கு நாம பேசுறது எங்க வெளங்கப் போவுது? சொல்லுங்க."

"பன்னிக்குத்தான் தேனு போட்டேன். பெரியவருக்குப் போடுவனா? நான் புள்ளையாரக் கும்புடாம பாராங் கத்தியத் தொட்டிருக்கனா?"

"பன்னிக்குப் போட்டா பன்னி மட்டும் வரும்னு அந்தக் கம்பிக்குத் தெரியுமா?"

அவன் கண்ணோரத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவளுக்கு ஆத்திரமும் பாவமும் ஒன்றாக வந்தது. இந்த ஆளை இரண்டு அறை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்றிருந்தது.

"எங்க போட்டீங்க?"

"நான் வந்து எடுத்துர்றேன். வெள்ளிக்கிழம விட்டுருவாங்க. நீ வாயத் தொறக்காத. தோட்டத்து வீடு அது, மறந்துராத. எம்மேல கேஸ் ஆனா மறுநாளே சாமானத் தூக்கி வெளிய வச்சிருவாங்க. எங்க போவ? லோஷினி வாடகைக்கு இருக்குற ரூம்புலயா போய் நிப்ப?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் குட்டிக்குக் கால் அழுகிருமாம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வார்டில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். மருந்து வண்டி ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று வந்தது. அது இவர்கள் கட்டிலைத் தாண்டிப் போனபிறகு தேன்மொழி கேட்டாள்.

"எத்தன போட்டீங்க?"

"அதெல்லாம் எண்ணக் கூடாது."

"எண்ணாம விட்டதுக்குத்தான் இவ்ளோ நல்லது நடந்திருக்கே! நீங்க எண்ண வேணாம். தெனம் சுத்திட்டு வருவீங்கல்ல, அப்படியே நடங்க. நான் எண்ணிக்கிறேன்."

அவன் கண்ணை மூடினான். போர்வைக்குள் பாதம் இரண்டும் லேசாக அசைந்தன. நிஜமாகவே நடக்கிற ஆள் மாதிரி மூச்சு வாங்கினான்.

"பம்பு வீட்டுக்குப் பின்னால ஒண்ணு... அங்கேருந்து எறங்கினா புல்லு மேடு, அதுல ஒண்ணு... கன்னுக் காட்டுல மூணாவது வரிசைக் கோடியில... பழைய ஒரச் சாக்குக் கொட்டாய்ப் பக்கம்... காண் கரையில ரெண்டு, அடுத்தடுத்து... கட்டப் பாலத்துக்குக் கீழ ஒண்ணு..."

ஏழு. தேன்மொழி விரலை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்புறம்?"

"பாலத்தத் தாண்டி... பெத்தாய் மரத்துலேருந்து நேரா உள்ள போனா எல்லைக்கல்லு. கல்லுக்கு வலக்கைப் பக்கம் ஒரு சேத்துக் குட்டை. பன்னி இந்தப் பக்கம் வராமப் போச்சு தேனு. மண்டோரு கறி கேட்டுக்கிட்டே இருந்தாரு. அதான் உள்ள போனேன். கொடிக்கம்பிய ரெட்டையா முறுக்கி அங்க போட்டேன்."

"எட்டு."

"வாய்விட்டுச் சொல்லாதடி!"

"எட்டுதானா?"

அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். "நான் நடக்குற எடம் அவ்வளவுதான்" என்றான்.

அவள் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவன் முந்தானையைப் பிடித்தான். "சொல்லிராத தேனு" என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

லயத்துக்குத் திரும்பியபோது ஷாமளா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கணுக்காலில் கட்டு. காலையில் காண் ஓரம் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தாய் யானை காட்டிலிருந்து வெளியே வந்திருக்கிறது. சத்தமில்லாமல் வந்து நின்று, காதை விரித்து, ஒரே ஓட்டமாகக் காண் கரைவரைக்கும் வந்திருக்கிறது.

"கோணிய வீசிட்டு ஓடுனேன்டி. மட்டை தடுக்கி விழுந்தேன். திரும்பிப் பாத்தா கரையில நிக்குது. பள்ளத்தத் தாண்டல. நின்னு என்னையே பாக்குது. கத்துச்சு பாரு ஒரு கத்து, இன்னும் என் காதுல இருக்கு. புள்ள வலியில தாய் கத்துற கத்துடி அது. நம்ம மேலதான் கோவம் அதுக்கு. இருக்காதா?"

தேன்மொழி அவள் காலைத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள். கம்பி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது தங்கராஜுவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"அர்ச்சுனன் எப்படிம்மா இருக்கான்?"

"இருக்காருண்ணே."

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன். இந்த இலாகாக்காரனுங்க நாளைக்கு மத்தியானம் வேற பக்கமாத் தேடப் போறானுங்களாம். போனாப் போயிட்டுப் போறானுங்க. நீ ஒண்ணும் மனசுல போட்டுக்காத." இன்ஜினை அணைக்காமலே பேசினார். "பெரிய மேனேஜருக்குத் தெரிஞ்சா லயத்தையே காலி பண்ணச் சொல்லிருவாரு. ஒன் வீடு மட்டுமில்ல, பதினாறு வீடும். பாத்து நடந்துக்க லா."

அவர் போனபிறகு ஷாமளாவும் தேன்மொழியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போகாமல் தேன்மொழி துணி துவைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த, அர்ச்சுனன் கட்டின சாரம், போர்வை, தன் சேலைகள், எல்லாவற்றையும் சோப்பு நுரை போகும்வரை அலசினாள். வேலியில் போடலாமே என்று ஒரு தடவை நினைத்தாள். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்துவந்து, பழையபடியே தூணில் கட்டினாள். குறைகிற இடத்துக்கு அதே மஞ்சள் ராஃபியா. எவ்வளவு நீளமாக வெட்டியிருக்கிறான் பாவி, ராஃபியா மட்டும் மூன்று சேலை அகலம் வருகிறதே என்று முணுமுணுத்தாள். ஈரத் துணியைக் கம்பியிருக்கும் வரைக்கும் வரிசையாகப் போட்டு, ராஃபியாவை வெறுமனே விட்டாள். பதினாறு வீட்டுப் பின்பக்கத்திலும் ஒரே ஒரு நீலக் கோடு. ஷாமளா தன் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள், "அடிப் பாவி" என்றாள், ஜன்னலைச் சாத்தவில்லை.

பத்து மணிக்கு இலாகா வண்டி லயத்துப் பாதையில் மெதுவாகப் போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பின்னாலேயே வந்தது. ஆரிஃப் இறங்கிக் கொடிக்கு நேரே வந்து நின்றான். கம்பியைப் பார்த்தான், முடிச்சைப் பார்த்தான், ராஃபியாவைப் பார்த்தான். தேன்மொழி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது..."

"எட்டு தம்பி" என்றாள். வாய்விட்டு, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். "ஏழு காணுக்கு இந்தப் பக்கம். ஒண்ணு அந்தப் பக்கம். எல்லைக்கல்லுக்கு வலக்கைப் பக்கம் சேத்துக் குட்டை. எங்க வீட்டுக்காரர் போட்டது. அர்ச்சுனன்னு பேரு. ஆஸ்பத்திரியில இருக்காரு."

ஆரிஃப் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான். "முன்வந்து சொன்னீங்கன்னு எழுதுவேங்கா. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல" என்றான்.

"எழுதிக்கப்பா. மொத வா, எடத்தக் காட்டுறேன்."

கட்டைப் பாலத்துக்குக் கீழே இருந்த கம்பியை முதலில் எடுத்தார்கள். அப்புறம் பாலத்தைத் தாண்டினார்கள். ஆரிஃப், டாக்டர், துப்பாக்கி வைத்திருந்த இரண்டு பேர், தடம் பார்க்கிற ஓராங் அஸ்லிப் பூர்வகுடிக் கிழவர் ஒருவர், முன்னால் தேன்மொழி. இருபத்தெட்டு வருஷமாகக் காண் கரையில் வேலை பார்த்தவள், அந்தப் பக்கத்து மண்ணில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. பெத்தாய் மரம், அதிலிருந்து நேராக எல்லைக்கல், வலப்பக்கம் குட்டை. குட்டையைச் சுற்றி மண் உழுது போட்டமாதிரி கிடந்தது. தடம் பார்க்கிறவர் குனிந்து ஒரு செடியைத் தொட்டார். அங்கிருந்து உள்ளே, ஒடிந்த செடிகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன.

"அக்கா, இதுக்கு மேல நீங்க வரக்கூடாது. பெத்தாய் மரத்துக்கிட்டயே போய் நில்லுங்க. அங்கதான் போனுக்கு லைன் கெடைக்குது. எனக்கு எதுனா வேணும்னா கூப்பிடுவேன்."

அவள் திரும்பிவந்து பெத்தாய் மரத்தடியில் நின்றாள். கையோடு கொண்டுவந்த தண்ணீர்த் தூக்குச்சட்டியை வேரில் வைத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. வெயில் இலை வழியாக இறங்கி முதுகில் சுட்டது. கொசு மொய்த்தது. உட்காரப் பயமாக இருந்தது, நிற்கவும் பயமாக இருந்தது. எந்தப் பக்கமிருந்து தாய் வரும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புள்ளையாரப்பா, அந்தப் புள்ளைக்குக் கால் நிக்கட்டும், வீடு போனாப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்ததும் வீடு போனால் எங்கே போவது என்று அழுகை வந்தது. அழுதாள். யார் பார்க்கப் போகிறார்கள்?

தூரத்தில் ஒரு பிளிறல் கேட்டது. அப்புறம் பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ஆரிஃப் வந்தான். சட்டை முழுக்கச் சேறு. முகம் சிரித்திருந்தது.

"பொழச்சிரும்கா. கட்டை ரெண்டு மரத்துக்கு நடுவுல மாட்டிக் கெடந்துச்சு, குட்டி அங்கேயே நின்னுருச்சு. தாய்க்கு மயக்க ஊசி, குட்டிக்கும் ஊசி. புண்ணு எலும்பு வரைக்கும் போகல. கொஞ்சம் நொண்டும், ஆனா நடக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அவ்வளவுதான். டாக்டர் மருந்து போட்டுக்கிட்டு இருக்காரு, நான் வண்டியில போய் மிச்ச மருந்த எடுத்துட்டு வரேன்."

தேன்மொழி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். மரத்தில் சாய்ந்தாள். ஆரிஃப் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினான். உள்ளே வெட்டி எடுத்த நீலக் கம்பி, ரத்தமும் சீழும் ஒட்டி.

"இதானேக்கா?"

அவள் பார்த்தாள். இரட்டையாக முறுக்கின கம்பி. அதைப் பிரித்தால் எவ்வளவு வரும் என்று அவள் மனசு தானாகவே அளந்தது. தினம் துணி போட்டு எடுக்கிறவளுக்கு அந்த அளவு கண்ணிலேயே இருக்கும்.

"முழுசும் இவ்வளவுதானா தம்பி?"

"ஆமாக்கா. கட்டையில சுத்தியிருந்ததோட சேத்துத்தான்."

பிரித்தால் ஒன்றரைச் சேலை அகலம். காலையில் அவள் கட்டின ராஃபியா மூன்று சேலை அகலம். இடுப்பிலிருந்த போனை எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்த புருஷனுக்கு அடித்தாள். அர்ச்சுனன் உடனே எடுத்தான்.

"சொல்லிட்டியா தேனு?"

"சொல்லிட்டேன். குட்டி பொழச்சிருச்சு. ஏங்க, கொடிக்கம்பிய எத்தனையா வெட்டுனீங்க?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்ட சத்தம்தான் வந்தது.

"கேக்குறேன்ல? ஒரு துண்டா, ரெண்டு துண்டா?"

"ரெண்டு" என்றான். அப்புறம் மூச்சு இரைத்தது. "ரெண்டு தேனு. காய்ச்சல் வந்த அன்னிக்குக் காலையில... உடம்பு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு... இன்னொண்ணு போட்டேன். போட்டுட்டு வந்து விழுந்தவன்தான். அதத் திரும்பி நடந்தே பாக்கல. அதான் சுத்துல வரல. இப்பத்தான் நெனவு வருது."

"எங்க?"

"நீ இப்ப எங்க நிக்கிற?"

"பாலத்தத் தாண்டி. பெத்தாய் மரத்தடியில."

"அசையாத" என்றான் அர்ச்சுனன். "தேனு, காலத் தூக்காத. அப்படியே நில்லு. யாரையும் கிட்ட வர விடாத."

ஆரிஃப் அவள் பக்கம் ஒரு எட்டு வைக்கப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். இரண்டு பேரும் அவரவர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். காலையிலிருந்து எத்தனை பேர் இந்த மரத்தைச் சுற்றி நடந்தார்கள், அவளே எத்தனை தடவை இப்படியும் அப்படியும் திரும்பினாள் என்று நினைத்துப் பார்த்தாள். உள்ளே, தடம் போன பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாய் விழித்துக்கொண்டதோ, வேறு பெரியவரோ தெரியவில்லை.

"எத்தனைக்கா?" என்று ஆரிஃப் மெல்லக் கேட்டான்.

தேன்மொழி தன் காலடியில் கிடந்த காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, "ஒம்பது" என்றாள்.